பேசும் அலையே பார்க்கவும் செய்யும்
தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலே ஆழக்கிணற்றுக்குள் கூவி, எதிரொலி கேட்டு மகிழ்ந்தவர்கள் நாங்கள். ரேடாரும் அவ்வாறே வானொலி அலை பொருளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அதனை அறிகிறது.

1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் வாட்சன் வாட் குழுவினர், புதிய ஒலிபரப்பி அமைக்காமல், டாவென்ட்ரி பி.பி.சி. நிலையத்தின் அலைகளைக் கொண்டே பறக்கும் விமானத்தைக் கண்டறிந்தனர்.

தக்க மென்பொருள் இருந்தால் நம் வீட்டு வைஃபை கருவிகளும் இவ்வாறு உதவும். அறையில் ஒருவர் நடந்தாலும், மூச்சு விட்டாலும் அலைகள் சற்றே மாறும். அம்மாற்றத்தைக் கணித்து, தனித்திருக்கும் பாட்டி தவறி விழுந்ததைக் காமிரா இன்றியே அறியலாம். இதற்கான பொது விதிமுறை 2025-இல் வெளியாயிற்று.

ஆனால் அவ்வலை சுவரையும் கடக்கும். பிறர் வீட்டை ஒற்றறியாத பண்பையும் நாம் கற்போமாக!