'ஆபீஸ்' போன குழந்தைகள்

காலை ஒன்பது மணி ஆபீசுக்குக் கிளம்பவே நமக்கு ஆயிரம் முனகல். பெரியார் பஸ் ஸ்டாண்டில் கூட்டம், மேனேஜர் முகத்தில் கடுகடுப்பு, மாசக் கடைசியில் பர்ஸ் காலி! ஆனால், மதுரையிலிருந்து தெற்கே எழுபது கிலோமீட்டர் போனால் 'ஆபீஸ்' என்ற வார்த்தைக்கே வேறு அர்த்தம். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் 'தீப்பெட்டி ஆபீஸ்'. பட்டாசு செய்கிற இடம் 'பட்டாசு ஆபீஸ்'.

எண்பதுகளில் இந்த ஆபீசுகளில் பத்து வயசு 'ஸ்டாஃப்' எல்லாம் உண்டு. விடிவதற்கு முன்பே கிராமத்துக்கு பஸ் வந்துவிடும். தூக்கக் கலக்கத்தோடு ஏறினால், இருட்டின பிறகுதான் வீடு.

"சும்மா கதை விடாதீங்க சார்" என்பவர்களுக்கு, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221. தொழிலாளர்கள் 27,338. அதில் குழந்தைகள் 2,941. இது ரிஜிஸ்டரில் ஏறிய கணக்கு மட்டும்!

"சின்ன விரல்தான் வேகமா ஓடும்" என்று ஒரு நியாயம் சொல்வார்கள். சின்ன விரலுக்குச் சின்னக் கூலி போதும் என்பதுதான் அதன் தமிழாக்கம். 1986-லேயே குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் ஆபத்தான தொழில் பட்டியலில் இருந்தன. ஆனால், அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே சட்டம், குச்சி அடுக்குகிற மரச்சட்டம்தான்!

அதே 1986-ல் வக்கீல் எம்.சி. மேத்தா சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1991-ல் சிவகாசியில் ஒரு பட்டாசு ஆபீஸ் வெடித்து 39 பேர் செத்துப் போனார்கள். அந்த விபத்தையும் கோர்ட் கையில் எடுத்தது. 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு வந்தது.

பி.காம். படித்த பாவத்துக்கு அதைப் பேரேடு மாதிரிதான் படித்தேன். ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்டணும். குழந்தைக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர் ஒருத்தருக்கு அரசு வேலைக்கு வழி பண்ணணும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 போடணும். வட்டி, பிள்ளையின் படிப்புக்கு.

மொத்தம் 25,000-க்குப் பத்து பர்சென்ட் என்று வைத்தாலும் மாசம் 208 ரூபாய் சில்லறை. "இவ்வளவுதானா?" என்று தோணும். ஆனால் விஷயம் ரூபாயில் இல்லை. அப்பனுக்கு வேலையில்லாத வீட்டிலிருந்துதான் பிள்ளை வேலைக்குப் போகிறது. பெரியவருக்கு வேலை கொடுத்தால்தான் சின்னவன் ஸ்கூலுக்குப் போவான் என்று கோர்ட் புரிந்துகொண்டு எழுதியது பாருங்கள், அதுதான் தீர்ப்பு!

வேலையை விட்டால் மட்டும் போதுமா? பன்னிரண்டு வயசுப் பையனை ஒண்ணாங்கிளாசில் உட்கார வைத்தால் மறுநாளே ஓடிவிடுவான். அதற்காகத்தான் 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. முதல் பட்டியலிலேயே சிவகாசி உண்டு. சிறப்புப் பள்ளியில் விட்ட பாடத்தைப் பிடித்து, மதியம் சாப்பாடு போட்டு, கொஞ்சம் உதவித்தொகையும் கொடுத்து, பிறகு வயசுக்கேத்த வகுப்பில் சேர்ப்பார்கள். 2021-ல் இந்தத் திட்டத்தை 'சமக்ர சிக்ஷா'வோடு இணைத்துவிட்டார்கள்.

சாப்பாடு போட்டால் பிள்ளை வரும் என்பது அந்த மண்ணுக்குத் தெரியாததா? விருதுநகரில் பிறந்து, சின்ன வயசிலேயே படிப்பை விட்டு மாமா கடையில் நின்ற காமராஜர், முதலமைச்சரான பிறகு கொண்டுவந்ததுதானே மதிய உணவு!

2016-ல் சட்டம் இன்னும் இறுகியது. பதினாலு வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது. ஸ்கூல் நேரம் போக வீட்டுத் தொழிலில் ஒத்தாசை செய்வது மாதிரி சில விலக்குகள் உண்டு. பதினெட்டு வரை ஆபத்தான வேலை கூடாது. மீறினால் முதலாளிக்கு ஆறு மாசம் முதல் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், இல்லை இரண்டுமே.

சிவகாசி தூரம் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். மெக்கானிக் ஷெட்டும் புரோட்டாக் கடையும் நம் தெருவிலேயே இருக்கின்றன. அங்கே பொடியன் யாராவது கண்ணில் பட்டால் முதலாளியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மறுநாள் பையனை வேறு கடைக்கு மாற்றிவிடுவார். 1098-க்கு ஒரு போன் போடுங்கள், காசு கிடையாது. கடை, தெரு, நேரம் மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள்.

டீக்குக் காசு நீட்டும்போது, கிளாஸ் கழுவுகிற கை யாருடையது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள் சார்!