அடைத்த குடலுக்குள் ஒரு வலைக்குழாய்

நாலு நாளாக மலம் இறங்கவில்லை. இப்போது வாயுவும் பிரியவில்லை. வயிறு ஊதிக்கொண்டே போகிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வீடுகளில் இதற்கு முதலில் கைபோவது விளக்கெண்ணெய்க்குத்தான். வெறும் மலச்சிக்கலென்றால் சரி. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்து வழியை மூடியிருந்தால், பேதி மருந்து குடலை மேலிருந்து நெருக்கும். கீழே போக்கிடம் இருக்காது. வீங்கிய குடல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த நிலையில் வருகிறவர்களுக்கு முன்பெல்லாம் அவசர அறுவைதான். மலம் தேங்கிய குடலை வெட்டி உடனே இணைத்தால் தையல் பிரியலாம் என்பதால், குடல் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை மாட்டுவார்கள். கொஞ்ச நாளைக்கு என்று வைத்த பை பலருக்குக் கடைசிவரை நின்றுவிடும்.

1990களில் வந்த மாற்றுவழி ஸ்டென்ட். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியால் ஆன வலைக்குழாய் அது. நசுக்கிச் சுருக்கினாலும் விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புவது அந்த உலோகத்தின் குணம். ஆசனவாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கட்டியின் இடுக்கில் மெல்லிய கம்பி ஒன்றை நுழைக்கிறார்கள். அதன்மேல் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறை போகிறது. உள்ளே சுருங்கிய ஸ்டென்ட். உறையை உருவியதும் வலை விரியத் தொடங்கும். ஓரிரு நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலும். தேங்கியது சில சமயம் அப்போதே சீறி வரும். அனுபவப்பட்ட டாக்டர் சற்று ஒதுங்கியே நிற்பார்.

கட்டி அப்படியேதான் இருக்கிறது. கிடைப்பது அவகாசம்: உடம்பு தேறி, ஸ்கேன் பார்த்து, நிதானமாக அறுவை செய்யலாம். நோய் முற்றியவருக்குப் பை இல்லாமல் மிச்ச நாளைக் கழிக்கலாம். குடலில் ஓட்டை விழுவது, ஸ்டென்ட் நழுவுவது போன்ற சிக்கல்களும் உண்டு. 2011இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று சிக்கல்கள் கூடியதால் பாதியில் நின்றது. பின்னர் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் பை வைக்கும் தேவை குறைந்தது. என்னைக் கேட்டால், பொருத்துகிற கையின் தேர்ச்சிதான் பாதி வைத்தியம்.

2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வயிறு ஊதி வாயு அடைபட்டால் அங்கோ, அருகிலுள்ள வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ அன்றே போங்கள். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பினால் தயங்காமல் கிளம்புங்கள். மலத்தில் ரத்தம் கண்டால், மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டி, சுவரொட்டியில் பார்த்த வைத்தியரைத் தேடிப் போகாதீர்கள். பெருங்குடலை எண்டோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.