காற்றடித்த பின் லயத்துக் கூரை

கொட்டகலைத் தோட்டங்களின் பழைய லயங்களில் ஒரு வீட்டுக் கூரை அந்த வீட்டுக்கு மட்டும் உரியதன்று. காம்பிராக்கள் எனப்படும் வீடுகள் வரிசையாகச் சுவரைப் பகிர்ந்து நிற்க, முனைக்கு முனை ஒரே முகடு ஓடுகிறது. எங்கோ ஒரு தகரத்தில் ஆணி கழன்றால், காற்று அதன் அடியில் புகுந்து பக்கத்துத் தகரத்தையும் நெம்பிவிடும். எனவே புயலுக்குப் பின் அவரவர் வீட்டை மட்டும் பார்த்துக்கொள்வது போதாது. லயம் முழுவதையும் ஒரே கூரையாகச் சோதிக்க வேண்டும்.

மலையகத்தின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிறது. ஆண்டின் இறுதியில் வங்கக்கடல் புயல்கள் வரும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. கூரைக்கு மேலாக விரைந்து போகும் காற்று தகரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. கதவு வழியே புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. மேல்நோக்கிய இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும்தான் அதிகம். சேதத்தை முதலில் தேட வேண்டிய இடங்களும் அவையே.

ஆனால் கூரையை அண்ணாந்து பார்க்குமுன் மண்ணைப் பார்க்க வேண்டும். லயத்துக்குப் பின்னுள்ள மேட்டில் புதிய வெடிப்போ, புதிதாகச் சாய்ந்த மரமோ, திடீரெனக் கலங்கிய ஊற்றோ தென்பட்டால் கூரையை மறந்து, எல்லோரும் உடனே அங்கிருந்து வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அடுத்த ஆபத்து மின்சாரம். அறுந்த கம்பி ஒரு முனையில் பட்டாலும் ஈரத் தகரம் வழியே மின்சாரம் மறுமுனை வரை பாயலாம். இணைப்பைத் துண்டிக்கும் வரை தகரத்தையோ பீலியையோ யாரும் தொடக்கூடாது.

சோதனைக்கு ஏணி தேவையில்லை. சரிவில் கட்டிய லயத்தின் கூரை மேலேயுள்ள தேயிலை மலைப் பாதையிலிருந்து நன்றாகத் தெரியும். முகடு நேராக இருக்கிறதா, தகர ஓரம் தூக்கி நிற்கிறதா, காற்றுக்குப் பாரமாக வைத்த கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும் சரிந்து விளிம்பில் நிற்கின்றனவா என்று பார்த்து, கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். சரிந்த பாரத்துக்குக் கீழே யாரும் நடக்கக்கூடாது.

உள்ளேதான் கூரை உண்மையைச் சொல்லும். பகலில் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி அண்ணாந்து பார்த்தால் ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். வட்டமாக இருக்க வேண்டிய ஆணித்துளை நீளமாகக் கிழிந்திருந்தால், அந்தத் தகரம் காற்றில் ஆடியிருக்கிறது. அடுத்த காற்றுக்கு அது நிற்பது சந்தேகம். அடுப்புப் புகையில் கறுத்த மரத்தில் தண்ணீர் இறங்கிய தடம் தெளிவாகப் பதிந்திருக்கும். ஒழுக்கு சொட்டும் இடத்துக்கு நேர்மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடிவந்து சொட்டும். தடத்தை மேல்நோக்கித் தொடர்ந்தால் நுழைந்த இடம் கிடைக்கும். கைக்கெட்டும் மரத்தைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பதும் அவசியம். முனை எளிதாக இறங்கினால் மரம் உக்கிவிட்டது, புது ஆணி அதில் பிடிக்காது.

மழை விட்டதுமே இளைஞர்கள் வெறுங்காலுடன் கூரையில் ஏறிவிடுகிறார்கள். பிள்ளைகள் ஈரத்தில் நடுங்கும்போது அந்த அவசரம் நியாயமானதே. ஆனால் பாசி படிந்த ஈரத் தகரம் வழுக்கும். துருவேறியது காலடியில் கிழியும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் ஏறவே கூடாது. பழைய தகடு முன்னறிவிப்பின்றி உடையும், மிதித்தவர் நேரே சீமெந்துத் தரையில் விழுவார். உடைந்த துண்டுகளின் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், அவற்றை உலர்ந்த நிலையில் கூட்டாமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து பையில் கட்ட வேண்டும்.

தறப்பாள் போடுமுன் ஒவ்வொரு காம்பிராவின் சேதத்தையும் படமெடுத்து, லயம் முழுவதற்கும் ஒரே பட்டியலாகத் தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுக்க வேண்டும். தறப்பாளைப் பழக்கமுள்ளவர்கள் காய்ந்த பொழுதில் போடுவதே நல்லது. அதன் மேல்விளிம்பு முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை போக வேண்டும். ஓட்டையை மட்டும் மூடினால் மேலிருந்து வரும் தண்ணீர் தறப்பாளுக்கு அடியில் புகுந்துவிடும்.