உழவர் பாதங்களும் அவற்றுக்கு நேரும் பிணிகளும்

உழவு மாட்டின் குளம்பை ஊன்றிப் பார்க்காத குடியானவன் இல்லை. சந்தையில் மாடு பிடிக்கும்போது முதலில் அதனை நடக்கவிட்டுப் பார்ப்பதும், லாடம் தேய்ந்தால் மாற்றியடிப்பதும், கோமாரி கண்டால் குளம்பைக் கழுவி மருந்திடுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகின்றன. அம்மாட்டின் பின்னே நடக்கும் மனிதனுடைய கால்களுக்கோ இதில் பாதியளவு கவனிப்பும் கிடைப்பதில்லை. விரலிடுக்கில் புண் வந்தால், சேற்றில் இறங்குகிறவனுக்கு அது சகஜமே என்று விட்டுவிடுகிறார்கள். டிராக்டர் வந்தபின் உழவில் கால் சேற்றில் படுவது குறைந்திருப்பினும், நடவும் களையெடுப்பும் வரப்பு வெட்டுதலும் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே செய்யப்படுகின்றன. இவற்றுள் நடவும் களையும் பெண்களின் வேலையாதலால், பாதப் பிணிகளில் பெரும்பங்கு அவர்களையே சேருகிறது.

பாதத்தின் வழியாக வரும் பெருந்தீங்குகளில் மிகுதியானவை தோலிலுள்ள ஒரு சிறு திறப்பின் மூலமாகவே உட்புகுகின்றன. அத்திறப்பு சேற்றுப்புண்ணாக இருக்கலாம். குதிகால் வெடிப்பாக இருக்கலாம். ஒரு முள் குத்திய துவாரமாகவும் இருக்கலாம். அதனை அன்றே கவனித்தால் செலவு சொற்பம். கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதைக் கிராம வாசிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் திட்டமாய் அறிந்திருத்தல் அவசியம்.

சேற்றுப்புண் உண்டாகும் விதமாவது: தோலின் மேற்புறம் இயல்பாகத் தண்ணீரைத் தடுக்கும் தன்மை வாய்ந்தது. பல மணி நேரம் ஈரத்திலேயே இருந்தால் அது ஊறி, வெளுத்து, சுருங்கி, மெதுவாகிவிடுகிறது. விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்குமிடத்தில், முக்கியமாய்ச் சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் நடுவே, காற்றுப் புகாமையால் ஈரம் உலர்வதில்லை. அங்கே காளான் இனத்தைச் சேர்ந்த நுண்கிருமிகள் பற்றிக்கொள்ள, தோல் உரிந்து அரிப்பும் எரிச்சலும் உண்டாகின்றன. அதன்மேல் வேறு கிருமிகளும் சேர்ந்தால் சீழும் துர்நாற்றமும் காணும். ஆகவே இப்புண்ணுக்குச் சேற்றைக் காட்டிலும் ஈரமே முதற்காரணம். மாலையில் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடே வீடு செல்பவர், கழுவியும் பாதிப் பயனையே அடைகிறார்.

வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரிலும் சவுக்காரத்திலும் கால்களைக் கழுவி, உலர்ந்த பழந்துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியே துடைக்க வேண்டும். பிறகு சற்று நேரம் காலைக் காற்றாட வைத்திருத்தல் நலம். புண் தோன்றியிருந்தால், காளானைக் கொல்லும் குளோட்ரிமசோல் களிம்பை இருவேளை தடவலாம். அரிப்பு நின்ற இரண்டொரு நாளில் களிம்பை நிறுத்திவிடுவதே பலரும் செய்யும் பிழை. தோல் முற்றும் தேறிய பின்னரும் சில வாரங்கள் தடவினாலன்றி நோய் திரும்பிவரும். அரிப்புக்கென்று கடைகளில் விற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் முதலில் சுகம் தந்து பிறகு காளானை வளர்த்துவிடுமாகையால் அவற்றை விலக்குவதே நன்று. வயலில் இறங்குமுன் விரலிடுக்குகளில் எண்ணெயோ வாஸ்லினோ மெல்லெனப் பூசிக்கொண்டால் தோல் ஊறுவது தாமதப்படும். மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் பூசும் வழக்கத்தால் கெடுதல் அதிகமில்லை. ஆனால் கழுவித் துடைப்பதற்கு அது ஈடாகாது. சேங்கொட்டையின் பாலைத் தடவுவது மாத்திரம் கூடவே கூடாது. அது தோலைக் கொப்புளிக்கச் செய்து புண்ணைப் பெரிதாக்கும்.

இச்சிறு புண்ணின் வழியே நுழைபவற்றுள் எலிக்காய்ச்சல் ஒன்று. வயலெலியின் மூத்திரத்தில் வெளிப்படும் கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிரோடிருந்து, புண்ணுற்ற தோலின் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. மழைக்காலத்தில் வயலில் இறங்கியவருக்கு, அதன்பின் சில நாட்களிலோ இரண்டொரு வாரங்களிலோ கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் தசைகளில் தாங்கொணா வலியும், கண் சிவப்பும் காணுமாயின், வைத்தியரிடம் வயலில் இறங்கிய செய்தியைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மருந்திட்டால் எளிதில் குணமாகும் இந்நோய், காமாலையாகவும் சிறுநீரகக் கோளாறாகவும் முற்றினால் உயிருக்கே அபாயம்.

யானைக்கால் நோயைப் பரப்புவது கொசுவே. ஆயினும் வீங்கிய காலில் அடிக்கடி குளிரும் காய்ச்சலும் நெறிகட்டும் வருவதற்கு, விரலிடுக்கின் வெடிப்புகளில் நுழையும் வேறு கிருமிகள் காரணமாகின்றன. அவ்வாறு காய்ச்சல் வருந்தோறும் வீக்கம் ஒரு படி ஏறுகிறது. தினந்தோறும் காலைக் கழுவி உலர்த்துவதால் மட்டுமே இக்காய்ச்சலின் வருகை வெகுவாய்க் குறைவதைக் காணலாம்.

குதிகால் வெடிப்பைப் பித்தவெடிப்பு என்பது வழக்கு. பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெறுங்காலில் நடப்பதால் குதியின் ஓரத்தோல் தடித்து, வறண்டு, உடற்பாரம் தாங்கும்போது விரிய இயலாமல் பிளக்கிறது. இரவில் கால்மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் மெதுவாய்த் தேய்த்து, ஈரம் ஒற்றியவுடன் வாஸ்லினோ, தேன்மெழுகு உருக்கிக் கலந்த நல்லெண்ணெயோ பூசி, துணியுறை அணிந்து படுத்தால் சில வாரங்களில் தேறும். கத்தியால் சீவுவது வேண்டாம். கால் ஆணியும் இவ்வாறே அழுத்தத்தினால் வருவது. செருப்பு கடிக்குமிடத்தை மாற்றாமல் ஆணியை மட்டும் தோண்டியெடுத்தால் அது மறுபடியும் முளைக்கும். காலையில் எழுந்து வைக்கும் முதலடியில் மாத்திரம் குதிகாலைக் குத்தும் வலிக்கு, கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சியும் மெத்தென்ற செருப்புமே பெரும்பாலும் போதும்.

முள் தைத்தலை இவ்வளவு லேசாக எண்ணலாகாது. சீமைக்கருவேல் காடாய் மண்டிய ஜில்லாக்களில் அதன் முள் செருப்பையும் துளைத்து உள்ளே முறிவதுண்டு. முள்ளை எடுத்தபின் சவுக்காரத் தண்ணீரால் புண்ணை நன்றாய்க் கழுவுவதே தலையாய சிகிச்சை. சாணமோ மண்ணோ வைத்துக் கட்டுவது தனுர்வாதத்தை வலிய அழைப்பதாகும். ஏனெனில் அந்நோயின் வித்துக்கள் மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலுமே வாசம் செய்கின்றன. புண் ஆறிவிட்டதென்று எண்ணியிருக்கையில் தாடை இறுகத் தொடங்கும். பத்து வருஷத்துக்கொருமுறை தடுப்பூசி போட்டு வருபவருக்கு இப்பயம் இல்லை. அழுக்குப்பட்ட ஆழமான புண்ணாயின், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் கடந்திருந்தாலே மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும். இதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெறலாம்.

முள்ளினால் வரும் மற்றொரு வியாதி மதுரையின் பெயரையே உலகமெங்கும் சுமந்து திரிகிறது. 1842-ஆம் வருஷத்தில் மதுரையில் பணிபுரிந்த கில் என்னும் வைத்தியர் இதனை விவரித்தபின், ‘மதுராக்கால்’ என்றே வைத்திய நூல்கள் இதனை வழங்கலாயின. 1860-இல் பம்பாயிலிருந்த வாண்டைக் கார்ட்டர் இதன் காரணம் காளான் என எழுதி, மைசெட்டோமா என்று பெயரிட்டார். காளானால் வருவது ஒரு வகை, பாக்டீரியாவினால் வருவது மற்றொரு வகை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மண்ணிலும் முள்ளிலுமுள்ள கிருமி குத்துவாயின் மூலம் தோலுக்கடியில் தங்கி, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், மெல்ல வளர்கிறது. முதலில் தோன்றுவது ஒரு சிறு கட்டி. அதில் வலி இராது. இதுவே இந்நோயின் வஞ்சகம். வலியில்லாததால் உழவர் வேலையை நிறுத்துவதில்லை. நாளடைவில் பாதம் பருத்து, பல துவாரங்கள் திறந்து, அவற்றின் வழியே சீழுடன் கடுகு போன்றும் மணல் போன்றும் கருமை, வெண்மை, மஞ்சள் அல்லது சிவப்பு நிறமுள்ள துகள்கள் வெளிவரும். அதற்குள் எலும்பும் அரிக்கப்பட்டிருக்கும். பாக்டீரியா வகையாயின் பல மாதம் மருந்துண்டு காலைக் காப்பாற்றலாம். காளான் வகைக்கு மருந்துடன் அறுவைச் சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படும். முற்றிய நிலையில் காலையே எடுக்க நேர்ந்தவர் பலர். உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ஆம் வருஷத்தில்தான் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தது. ஏழை உழவனின் கால் நோய்க்கு அவ்வளவு காலம் பிடித்தது. பாதத்தில் வலியற்ற கட்டி ஒரு மாதத்துக்குமேல் கரையாதிருந்தால், ஜில்லா ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு வலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வழுக்கும் வரப்பின்மேல் நாற்றுக்கட்டுச் சுமந்து செல்கையில் பாதம் உட்புறமாக மடிந்து, கணுக்காலின் வெளிப்புறத்துத் தசைநார் கிழிவதே சாதாரணச் சுளுக்கு. உடனே எண்ணெய் விட்டு உருவுவதும் இழுத்துச் சொடுக்குவதும் கிழிந்ததை மேலும் கிழிப்பதற்கே உதவும். முதல் இரண்டு மூன்று நாட்கள் குளிர்ந்த ஈரத்துணி போட்டு, பட்டைத் துணியால் இரத்த ஓட்டம் தடைபடாதபடி சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். வலி தணியத் தணிய மெல்ல நடக்கத் தொடங்குவதே நலம். மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பது காலை விறைப்பாக்கும். நான்கடிகூட எடுத்து வைக்க இயலாவிட்டாலும், கணுக்கால் மொளி எலும்பின் பின்னோரத்தைத் தொட்டால் வலித்தாலும், எலும்பு முறிந்திருக்கலாமாகையால் எக்ஸ்ரே படம் எடுத்தல் அவசியம்.

இதுவரை கூறியவற்றில் வலி என்னும் காவற்காரன் பெரும்பாலும் இருந்தான். அவன் இல்லாத கால்களே மிகுந்த ஆபத்துக்குரியவை. குஷ்டரோகத்தில் விரல்கள் தாமே அழுகி விழுவதாக ஜனங்கள் நம்பியிருந்தனர். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு என்பவர், உணர்ச்சியற்ற காலில் தெரியாமல் படும் காயங்களும் அழுத்தமுமே அச்சேதத்தை விளைவிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். அதன் பயனாக மெத்தென்ற ரப்பர் அடித்தளமுள்ள செருப்புகள் வழக்கத்துக்கு வந்தன. நீரிழிவு உள்ளவரின் நிலையும் இதுவே. பல வருஷம் நோய் இருந்தவருக்குப் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. உச்சிவெயிலில் கோயிற் பிராகாரத்தைச் சுற்றிவந்து, கால் வெந்ததை வீட்டுக்கு வந்தபின் கொப்புளத்தைப் பார்த்தே அறிந்தவர்கள் உண்டு. ஆகையால் நீரிழிவுள்ளவர் பிரதி தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தோ, வீட்டாரைக் கொண்டு பார்க்கச் செய்தோ வருதல் வேண்டும். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிக்க வேண்டும். அவர்களுக்கு ஏற்பட்ட எந்தப் புண்ணுக்கும் வீட்டு வைத்தியம் ஆகாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் கிராமத்துக்கு வரும்போது, நீரிழிவு உள்ளோரின் பாதங்களையும் பார்க்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் கேட்டுக்கொள்வது உபயோகமாயிருக்கும்.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியதுண்டு. விளையும் பூமியில் செருப்புடன் இறங்கலாகாது என்ற மரியாதை ஒருபுறமிருக்க, நடவுச் சேற்றில் செருப்பு நிற்காது என்பதும் உண்மையே. ஆனால் வாய்க்கால் துப்புரவு, வேலி வெட்டுதல், மருந்து தெளித்தல் ஆகியவற்றுக்கு முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸ் நன்றாய்ப் பயன்படும். பாம்புக்கும் அது ஓரளவு தடை. சில கிராமங்களில், செருப்பணிந்து தெருவில் நடக்கலாகாது என்று ஒரு சாராரைத் தடுத்துவந்த வழக்கம் இருந்தது. அக்கால்களே ஊரின் வயல்களில் மிகுதியாய் உழைத்த கால்கள். அவ்வாறு தடுப்பது, 2015-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாகவே குற்றமெனக் குறிக்கப்பட்டிருக்கிறது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை அறிந்து நடப்பது அவர்களுடைய கடமையாகும்.

ஆள் வைத்துப் பயிரிடும் நிலச்சுவான்தார்கள் பம்பு செட்டின் அருகே ஒரு தொட்டியும், ஒரு கட்டிச் சவுக்காரமும், கொடியில் நாலைந்து உலர்ந்த துணிகளும் வைத்தால், நடவுப் பெண்கள் கரையேறிய உடனே கால் கழுவித் துடைத்துச் செல்லலாம். ஒருவர் துடைத்த துணியால் மற்றவர் துடைக்காதபடி பார்த்துக்கொண்டு, அன்றன்றே துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். செருப்பு வாங்கிக் கொடுப்பவர்கள் மாலை வேளையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவெடுப்பது நலம். காலையில் சரியாயிருந்த செருப்பு மாலையில் கடிக்கும்.