கடலை பறிப்பில் ஆட்களை வெயில் தாக்காமல் காப்பது எப்படி?

மார்கழி, தைப் பட்டத்தில் இறவையில் விதைத்த நிலக்கடலை சித்திரையில் பறிப்புக்கு வந்துவிடும். ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் ஆள் கிடைக்கும் நாளில்தான் பறிப்பு. வெயிலைப் பார்த்து நாள் குறிக்க முடியாது. ஆனால் நேரத்தைக் குறிக்கலாம்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வேலைக்கூடத்தின் வெப்பத்துக்கு விதி வகுத்தது. 2005-இல் வந்த 100 நாள் வேலைச் சட்டம் வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. நாலைந்து பேரை வைத்துக் கடலை பறிக்கும் உங்கள் வயலுக்கு வந்து யாரும் இதைக் கேட்பதில்லை. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அது உயிர் போன பிறகு, வெப்பத்தால்தான் இறந்தார் என்ற சான்று இருந்தால் கிடைப்பது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது உங்கள் கையில்தான் இருக்கிறது.

செடி இலகுவாக வர, பறிப்புக்கு முன் தண்ணீர் கட்டியிருப்பீர்கள். ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பும்போது வியர்வை சீக்கிரம் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. எனவே விடியலில் தொடங்கி 10, 11 மணிக்குள் பறிப்பை முடியுங்கள். காய் ஆய்வதை மர நிழலிலோ கீற்றுப் பந்தலிலோ வைத்துக்கொள்ளலாம். (ஈரக் கொடியைக் குவித்துப் போடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.)

கூலி முறையையும் பாருங்கள். அளவுக் கணக்கில் காய் ஆய்பவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தால் அந்த நேரத்துக் கூலி போகிறது. பெண்களோ ஒதுங்க இடமில்லை என்பதாலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். நாலு கீற்றில் ஒரு மறைப்பு கட்டிக் கொடுங்கள். குடத்தை அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டு போங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். நடுவில் நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ கொடுக்கலாம்.

நாள் கழித்து வேலைக்கு வந்தவரிடம் முதல் சில நாட்கள் முழு வேலை வாங்காதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

ஒருவர் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், சாதாரண மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். வியர்க்கிறதே என்றும் காத்திருக்க வேண்டாம். உடலுழைப்பில் வரும் ஹீட் ஸ்ட்ரோக் வியர்த்தபடியே வரும். உடனே 108-ஐக் கூப்பிட்டு, நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறிவிடும். ஒரு ஆளை ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள். ஆம்புலன்சுக்கு உங்கள் வயலுக்கு வழி தெரியாது.