பழைய கோட்டிலிருந்து ஒரு புத்தகம்



எழுத்தறியாத மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் இலக்கியம் பாட்டுத்தான். தாயின் வாயிலிருந்து அது நேரே பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் ஒரு தலைமுறை பாட மறந்தால் போதும், தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு அத்தோடு முடிந்துவிடும். அப்படி முடிந்துபோயிருக்கக்கூடிய ஒரு பாட்டைப் படப்புத்தகமாக்கிச் சிறுவர்களின் மடியில் வைத்த ஒருவரின் வேலையை இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூத மக்களின் வீட்டு மொழி யித்திஷ். ஜெர்மன் மொழியோடு நெருங்கிய உறவுள்ள அம்மொழியை அவர்கள் தமது வேத மொழியாகிய ஹீப்ருவின் எழுத்துக்களில் எழுதினார்கள். நம் முன்னோர் தாம் பேசிய தமிழை அறபு எழுத்துக்களில் எழுதி அறபுத் தமிழ் என்றார்களே, அதைப் போலத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் (1939-1945) நாஸிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யித்திஷ் பேசியவர்கள். பாடிய வாய்கள் போய்விட்டன. பாட்டுக்கள், உயிர் தப்பியவர்களிடமும் முன்னரே கடல் கடந்து சென்ற குடும்பங்களிடமும் மட்டும் எஞ்சின.

அவற்றில் ஒன்று ஒரு பழைய கோட்டைப் பற்றியது. கோட்டு நைந்து போகிறது. அதை வெட்டி ஜெக்கட் தைக்கிறார் ஒருவர். அதுவும் நைந்துவிட, அதிலிருந்து இன்னும் சிறிய ஓர் உடுப்பு. இப்படியே சிறுத்துச் சிறுத்து, கடைசியில் கையில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து இந்தப் பாட்டைச் செய்தேன் என்று பாட்டு முடிகிறது.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் பிறந்த ஓவியர் ஸிம்ஸ் டேபெக் (1932-2011) இப்பாட்டை 1977ல் படப்புத்தகமாக்கினார். கதாநாயகனுக்கு ஜோசப் என்று பெயர். அத்தோடு அவர் திருப்தியடைந்து விடவில்லை. 22 வருடங்களின் பின் 1999ல் அதே கதையைப் புதிதாக வரைந்து வெளியிட்டார். அமெரிக்காவின் தலைசிறந்த சிறுவர் படப்புத்தகத்துக்கு வருடந்தோறும் வழங்கப்படும் கோல்டிகொட் விருது 2000ல் அதற்குக் கிடைத்தது.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது? தாள்களில் துளைகள் இருக்கின்றன. தாளைப் புரட்டினால் கோட்டாக இருந்த துணி ஜெக்கட்டாகிவிடும். பிறகு அது வெஸ்கோட், கழுத்துச் சால்வை, கழுத்துப்பட்டி, கைலேஞ்சி, கடைசியில் ஒரே ஒரு பொத்தான். பாடும்போது 'அடுத்தது என்ன?' என்று பிள்ளையைக் காத்திருக்க வைப்பது இராகம். புத்தகத்தில் அந்த வேலையை இத்துளைகள் செய்கின்றன.

இரண்டாவது, சொற்கள் மிகக் குறைவு. என்ன தைத்தார், அதை உடுத்துக்கொண்டு எங்கே போனார் என்பது மட்டுந்தான். அந்த ஊரும் மக்களும் வீட்டுச் சுவரும் படங்களிலே இருக்கின்றன. துணித்துண்டுகளையும் புகைப்படங்களையும் ஒட்டி, அழிந்துபோன ஒரு வாழ்க்கையை அவர் கண்முன் கொண்டுவந்தார்.

மூன்றாவது, முடிவு. பொத்தானும் தொலைந்த பின் பாட்டிலே பாட்டுப் பிறக்கிறது. புத்தகத்திலோ ஜோசப் ஒரு புத்தகம் செய்கிறார்! கடைசியில் பாட்டும் இசைக் குறிப்போடு அச்சாகியிருக்கிறது. பாட்டு புத்தகத்துக்குள் அடைபட்டுப் போகவில்லை. தாய் அதை மீண்டும் பாடலாம்.

இதே கதையைக் கனடாவின் பீபி கில்மன் 1992ல் வேறு விதமாகச் செய்தார். அவருடைய புத்தகத்தில், கீழே விழும் துணித்துண்டுகளை வீட்டின் தரைப் பலகைக்கு அடியில் வாழும் ஓர் எலிக் குடும்பம் எடுத்துத் தனக்கு உடுப்புத் தைத்துக்கொள்கிறது. அந்த எலிகளைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. உம்மா எழுத்தை வாசிக்கும் நேரத்தில் பிள்ளை எலிகளைக் கண்டுபிடித்துவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வாசிப்பதற்கு ஒன்று கிடைக்கிறது.

சகோதரிகளே, இதற்கு அச்சகம் தேவையில்லை. நான்கு தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் 16 பக்கங்கள் வரும். உங்கள் உம்மம்மா பாடிய தாலாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாடியபடியே எழுதுங்கள். அவருடைய ஊர்ச் சொல்லை இலக்கணத் தமிழாகத் திருத்திவிடாதீர்கள், பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஓர் அடிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தையல் மெஷினடியில் கிடக்கும் துணித்துண்டுகளைப் பிள்ளையின் கையாலேயே ஒட்டச் சொல்லுங்கள். எழுத்தில் சொன்னதையே படத்திலும் சொல்லாமல், பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க ஏதாவதொன்றை மறைத்து வையுங்கள். கடைசிப் பக்கத்தில் பாட்டை முழுமையாக எழுதி, பாடியவரின் பெயரையும் ஊரையும் குறித்துவிடுங்கள். நாளை அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குப் பாடும்போது, யாருடைய பாட்டு என்று சொல்ல ஒரு பெயர் இருக்கும்.

உம்மம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தால் அடுத்த விடுமுறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் அவர் அருகில் உட்காருங்கள்.