கறுப்பு வயர் எந்தப் பக்கம்?

எபிசோடில் இந்தக் கதையை இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன். வயரைப் பற்றி வாயால் விளங்கப்படுத்துவது லேசான வேலை இல்லை. அதனால் முழுக் கதையும் இங்கே.

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு ட்ரில் பிரெஸ் நிற்கிறது. என் தோளுக்கும் மேலே உயரமான வார்ப்பிரும்பு மெஷின். அப்பா கனடாவுக்கு வந்த அடுத்த வருஷம், 1994இல், யாரோ வீட்டைக் காலி செய்யும்போது விற்றதை வாங்கினவர். எங்களிடம் கார் வர முதலே அது வந்துவிட்டது என்று அம்மா இப்பவும் சொல்லிக்காட்டுவா. மெஷினின் தலைக்கு அடியில் ஒரு சின்ன லைட் இருக்கிறது, துளை போடுகிற இடத்தில் வெளிச்சம் விழுவதற்கு. அதனுடைய பழைய வயர் காய்ந்து வெடித்திருந்ததால், வாங்கின கிழமையே அப்பா புது வயர் இழுத்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பிரச்சினையும் இல்லை.

போன மாதம் பழைய 60 வாட் பல்பை எடுத்துவிட்டு எல்ஈடி போடுவோம் என்று போனேன். லைட் சுவிட்சை ஓஃப் பண்ணினேன். பிளக்கைக் கழற்றவில்லை. ஓம், தெரியும், திட்டுங்கோ. இடது கையை இரும்பு மேசையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் பல்பைத் திருகினேன். பாதி வெளியே வந்ததும் விரல் பல்பின் உலோக மரையில் பட்டது.

அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நான் கராஜ் கதவோடு முட்டிக்கொண்டு நின்றதுதான். இரண்டு தோள்மூட்டிலும் சுத்தியலால் அடித்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் சுவிட்ச் ஓஃபில்தான் இருக்கிறது.

பிளக்கை இழுத்துப் போட்டுவிட்டு, கை நடுக்கம் நின்றபிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். திருகுகிற பல்பு போடும் ஹோல்டரில் இரண்டு தொடுபுள்ளிகள் உண்டு. ஒன்று அடியில் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு. மற்றது சுற்றிவர இருக்கும் மரை. கரண்ட் கொண்டுவரும் லைவ் வயர் நாக்குக்குப் போகவேண்டும், திரும்பிப் போகிற நியூட்ரல் மரைக்கு. சுவிட்ச் லைவில் இருக்கவேண்டும். அப்படி இருந்தால், பல்பு மாற்றும்போது விரல் படக்கூடிய மரை எப்போதும் நியூட்ரல். சுவிட்சை ஓஃப் பண்ணினால் ஹோல்டருக்குள் லைவே இல்லை.

அப்பா செய்திருந்தது அப்படியே தலைகீழ். லைவ் நேரே மரைக்கு. சுவிட்ச் நியூட்ரலில். சுவிட்சை ஓஃப் பண்ணினால் பல்பு அணையும்தான், ஏனென்றால் திரும்பிப் போகிற பாதை அறுந்துவிட்டது. ஆனால் 120 வோல்ட் மரையில் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது. நான்தான் அதற்குப் பாதை கொடுத்தேன்: விரல், நெஞ்சு, மற்றக் கை, எர்த் செய்த மேசை.

பிரேக்கர் விழவில்லையா என்று கேட்பீர்கள். அது 15 அம்பியர் பிரேக்கர். வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவதுதான் அதன் வேலை, என்னைக் காப்பாற்றுவது இல்லை. ஆளைக் காப்பாற்றுவது ஜிஎஃப்சிஐ. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு அம்பியரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவு வேறு வழியால் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். எங்கள் கராஜின் பழைய பிளக் பொயின்டில் அது இல்லை. இப்போது இருக்கிறது. சுவர் வயரிங் என்பதால் லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டுத்தான் செய்தோம்.

இனி கஷ்டமான பகுதி. அப்பாவிடம் சொல்லவேண்டும்.

அப்பா வயரிங் தெரியாத ஆள் இல்லை. சுண்ணாகத்தில் ஒரு எலக்ட்ரிக் கடையில் பதினாறு வயதிலிருந்து நின்று பழகினவர். எங்கள் சொந்தக்காரர் பாதிப் பேருடைய வீட்டில் ஏதாவது ஒன்று அவர் கைபட்டதாக இருக்கும். அப்படிப்பட்ட மனுஷனைக் கூட்டிக்கொண்டுவந்து, "அப்பா, நீங்கள் இதைப் பிழையாகச் செய்திருக்கிறீங்கள்" என்று எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சரியாத்தானே இருக்கு. கறுப்பு நியூட்ரல். மரைக்குப் போகுது."

பிறகு நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது. "ஐயோ. இது இங்கத்தைக் கறுப்பு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா பழகின காலத்தில் ஊரில் பழைய பிரிட்டிஷ் முறை. சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இங்கே வட அமெரிக்காவில் கறுப்புத்தான் லைவ். வெள்ளை நியூட்ரல். வந்த புதிதில், கடையில் வாங்கின எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்றை வெட்டி, கறுப்பு வெள்ளை பச்சை மூன்றையும் பார்த்துவிட்டு, அவருடைய கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. கறுப்பு மரைக்கு, 'மற்றது' சுவிட்சுக்கு. பச்சையை வெட்டி டேப் சுற்றி விட்டிருந்தார், இந்தச் சின்ன லைட்டுக்கு எர்த் எதற்கு என்று.

லண்டனில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் குழப்பம். அங்கே சுவருக்குள் ஓடும் வயர்களில் சிவப்பு, கறுப்பை விட்டு பிரவுன், நீலத்துக்கு 2004இல்தான் மாறத் தொடங்கினார்கள். 2006 வரை இரண்டுக்கும் அனுமதி இருந்தது. மூன்று ஃபேஸ் வயரிங்கில் நடந்தது அதைவிட மோசம். பழைய முறையில் நீலம் ஒரு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் கறுப்பு ஒரு ஃபேஸ், நீலம் நியூட்ரல். அப்படியே இடம் மாறிவிட்டார்கள். பழைய வீட்டில் இரண்டு நிறமுறையும் ஒரே பெட்டிக்குள் கிடக்கலாம்.

சனிக்கிழமை அப்பாவும் நானுமாகத் திரும்பச் செய்தோம். உள்ளே வரும் கோடின் கறுப்பு இரண்டாகப் பிரிகிறது, ஒன்று மோட்டர் சுவிட்சுக்கு, மற்றது லைட் சுவிட்சுக்கு. அங்கிருந்து ஹோல்டரின் நாக்குக்கு. வெள்ளை எங்கேயும் நிற்காமல் நேரே மரைக்கு. இந்த ஊர் ஹோல்டர்களில் வெள்ளி நிற ஸ்க்ரூ மரைக்கு, பித்தளை நிறம் நாக்குக்கு, அதைப் பார்த்தாலே போதும். பச்சை லைட்டின் உலோக மூடிக்கு. டேப் எல்லாவற்றையும் உரித்து எறிந்துவிட்டு மரெட் போட்டோம், அதுதான் வயர் முனைகளைச் சேர்த்து மேலே திருகுகிற பிளாஸ்டிக் தொப்பி. இரும்பு ஓட்டையின் விளிம்பு வயரைத் தின்னாமல் ஒரு ரப்பர் புஷ்.

லைட்டை மோட்டர் சுவிட்சோடேயே சேர்த்துவிடலாமே, ஒரே தட்டில் இரண்டும் வருமே என்று நான் கேட்டேன். அப்பா சிரித்தார். "மோட்டரை நிப்பாட்டினாப்போலை ட்ரில் நிண்டிடுமோ? அது சுத்திக்கொண்டிருக்கும். நீ இருட்டுக்கை கையை விடுவாய்." அதனால் லைட்டுக்குத் தனிச் சுவிட்ச்.

பல்பு போட முதல், பிளக் வெளியே இருக்கும்போதே மீட்டர் வைத்துப் பார்த்தோம். மோட்டர் சுவிட்ச் ஓஃபில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மோட்டரின் சுருள் வழியாக மீட்டர் பொய் சொல்லும். பிளக்கின் அகலமான தகடு மரையோடு எப்போதும் சேர்ந்திருக்கவேண்டும். ஒடுக்கமான தகடு லைட் சுவிட்ச் ஓனில் மட்டும் நாக்கோடு. உருண்டைக் கம்பி மெஷின் உடம்போடும் லைட் மூடியோடும் எப்போதும். நிறத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

எல்ஈடி போட்டபிறகு இன்னொரு கூத்து. மெஷினை 2340 சுற்று வேகத்தில் விட்டால், ட்ரில்லைப் பிடிக்கும் சக் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுகிற மாதிரித் தெரிந்தது. பேய் எல்லாம் இல்லை. எங்கள் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி செக்கனுக்கு 120 தரம் மினுங்கும். சக்கில் மூன்று தாடைகள், 2340 சுற்று என்றால் செக்கனுக்கு 39 சுற்று, 117 தாடை. ஒவ்வொரு மினுங்கலிலும் தாடை போன இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிறது. சரியாக 2400 சுற்று என்றால் அசையாமல் நிற்கிற மாதிரியே தெரியும், நம்பிக் கையை வைத்தால் முடிந்தது கதை. பழைய பல்பின் இழை சூட்டிலேயே எரிந்துகொண்டிருப்பதால் இந்த அளவுக்குத் தெரியாது. கொஞ்சம் காசு கூடக் கொடுத்து மினுங்காத எல்ஈடி வாங்கினோம். கைபேசியின் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் வடிவாகத் தெரியும்.

வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அப்பா பேசாமல் இருந்தார். பிறகு ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். கனடாவுக்கு வந்து முதல் இரண்டு வருஷத்தில், இங்கத்தைய நிறங்கள் கைக்குப் பழக முதல், யார் யாருக்கு என்ன செய்து கொடுத்தது என்று. ஏழு பெயர். இரண்டு பேர் வீடு மாறிவிட்டார்கள், ஒருவர் இப்போது இல்லை. மிச்சம் நாலு வீட்டுக்கும் போன் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டரையும் எடுத்துக்கொண்டு மார்க்கத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். சாமி அறையில் அப்பா செய்து கொடுத்த மேசை விளக்கு. பித்தளை உடம்பு, பளபளவென்று துடைத்து வைத்திருந்தா. பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தேன். தலைகீழ்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது கடிக்கும் எண்டு எனக்குத் தெரியுமே" என்றா. "அதாலைதானே நான் அவன் கையுறை போட்டுக்கொண்டு பல்ப் மாத்துறனான்."

"எத்தினை வருஷமா?" என்று அப்பா கேட்டார்.

"நீ கொண்டுவந்து தந்த நாளிலை இருந்து."